அறுந்த நுனியில் தொடங்கும் நகல்

நாமக்கல் பக்கத்தில் ஃபேஜ் தேடுகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. முட்டைக் கோழிப் பண்ணையின் கூண்டுகளுக்கு அடியில் குவியும் எச்சம் போதும். அதில் ஒரு கைப்பிடியை உப்புநீரில் கரைத்து, திப்பியை மையவிலக்கியில் அடியில் இறக்கி, மேலே தெளிந்த நீரை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வழியே ஊசிக்குழாயால் அழுத்தித் தள்ள வேண்டும். பாக்டீரியா வடிகட்டியிலேயே தங்கிவிடும். கீழே சொட்டும் நீரை ஈ.கோலை பாக்டீரியாவோடு சேர்த்து, இளஞ்சூட்டில் உள்ள அகாரில் கலந்து, பெட்ரி தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்துவிடுவார்கள். காலையில் பார்த்தால் தட்டு முழுக்க பாக்டீரியா மங்கலாகப் படர்ந்திருக்கும். அந்தப் படலத்தில் ஆங்காங்கே தெளிந்த வட்டங்கள். சில குண்டூசித் தலை அளவில் விளிம்பு கூர்மையாக இருக்கும். சில நேரம் ஆக ஆகப் பெருத்துக்கொண்டே போகும். ஆய்வகத்தில் இவற்றைப் பிளேக் என்பார்கள். ஒவ்வொரு பிளேக்கும் ஒற்றை வைரஸ் போய் விழுந்த இடம். அங்கிருந்த பாக்டீரியாவைக் கொன்று, பெருகி, பக்கத்தில் இருந்தவற்றையும் கொன்று தீர்த்த இடம் அது. பாக்டீரியாவைத் தாக்கும் இந்த வைரஸ்களின் பெயர்தான் ஃபேஜ்.

கோழி வளர்ப்பவர்களுக்கு ஈ.கோலை புதிய பெயரில்லை. குஞ்சிலிருந்து முட்டையிடும் கோழி வரை எல்லாப் பருவத்திலும் தொல்லை கொடுப்பது அது. கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டிய கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலப்பதும் கால்நடைகளுக்குக் கொடுப்பதும் 2019 ஜூலையில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு ஃபேஜ் மீதான அக்கறை கூடியிருப்பதில் வியப்பில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருக்கிறது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏற்காட்டு மலையடியிலிருந்து சேலம் நகரத்தின் சாக்கடையையெல்லாம் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரிக்குப் போகும் திருமணிமுத்தாறும் இருக்கிறது. ஃபேஜுக்கான சரக்கு குறைவில்லாத ஊர்கள் இவை.

ஆனால் இந்த அத்தியாயம் மருந்தைப் பற்றியதல்ல. அந்த வட்டம் எப்படி உருவாகிறது என்பதில் ஒரு கணக்கு இடிக்கிறது. அதைப் பற்றியது.

ஈ.கோலையைத் தாக்கும் ஃபேஜ்களில் மிக அதிகமாக ஆராயப்பட்டது டி4. அதன் டிஎன்ஏ சுமார் 1,69,000 எழுத்து இணைகள் கொண்ட நேரான இழை. பாக்டீரியாவுக்குள் அது நுழைந்த 5 நிமிடத்தில் நகலெடுப்பு தொடங்கிவிடும். ஏறத்தாழ 25 நிமிடத்தில் பாக்டீரியா வெடித்து, நூறிலிருந்து இருநூறு புதிய ஃபேஜ்கள் வெளியே வரும். நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி விநாடிக்குச் சில நூறு எழுத்துகள் ஓடும். ஓர் இழையை முழுக்க நகலெடுக்கவே சில நிமிடங்கள் பிடிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி என்று ஒழுங்காகப் போனால் நேரம் போதவே போதாது. ஓரிடத்தில் தொடங்கியது முடிவதற்குள் வேறு பல இடங்களிலும் நகலெடுப்பு தொடங்கியாக வேண்டும். அந்தப் பல இடங்கள் எங்கிருந்து வருகின்றன?

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. பாலிமரேஸுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒரே திசையில்தான் எழுதும். வெறும் இடத்தில் தானாகத் தொடங்காது, முன்பே இருக்கும் ஒரு நுனியை நீட்டத்தான் அதற்குத் தெரியும். ஒரு பக்க இழையில் சிறு சிறு ஆர்என்ஏ துண்டுகளைத் தொடக்கமாக வைத்துத் துண்டு துண்டாக எழுதி ஒட்டிக்கொண்டே போகிறது. இழையின் கடைசிக்கு வந்ததும் அடுத்த துண்டு வைக்க இடமில்லை. ஆகவே நகலில் ஒரு கடைக்கோடி எழுதப்படாமலே விடுபடும். மூல இழையின் நுனி, துணையில்லாமல் ஒற்றையாக நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படியே ஒவ்வொரு தலைமுறையிலும் நுனி கொஞ்சம் தேய்ந்தால், சில சுற்றுகளில் மரபணுக்களே காணாமல் போய்விடும். ஜேம்ஸ் வாட்சன் 1972-ல் இந்தச் சிக்கலை எடுத்துச் சொன்னபோது அவர் கையில் இருந்த உதாரணம் மனிதக் குரோமோசோம் அல்ல, டி7 என்ற இன்னொரு ஃபேஜ். நம் செல்கள் டெலோமெரேஸ் என்ற நொதியை வைத்துச் சமாளிக்கின்றன. டி4-க்கு அந்த நொதி கிடையாது.

டி4 வேறு வழி கண்டது. அந்த வழியைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகளுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. காரணம், விடை அவர்கள் கண்முன்னே வேறு பெயரில் இருந்தது.

1946-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் பெய்லியும், அதே ஆண்டில் தனியாக ஆல்ஃபிரட் ஹெர்ஷியும், விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். இரண்டு வெவ்வேறு ஃபேஜ்கள் ஒரே பாக்டீரியாவுக்குள் புகுந்தால், வெளியே வரும் குட்டிகளில் சிலவற்றில் இரண்டின் குணமும் கலந்திருந்தது. டிஎன்ஏ இழைகள் அறுந்து மாறி மாறிச் சேரும் மறுசேர்க்கைதான் இது. வைரஸிலும் இது உண்டு என்பது பெரிய செய்தி. அன்றிலிருந்து ஃபேஜ் மறுசேர்க்கையை மரபணு வரைபடம் போடும் கருவியாகவே பயன்படுத்தினார்கள். பாடநூல்களும் அப்படியே எழுதின: மறுசேர்க்கை என்பது பன்முகத்தன்மைக்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. இன்றும் நம் கல்லூரிப் பாடத்தில் நகலெடுப்பு ஓர் அலகிலும் மறுசேர்க்கை நாலு அலகு தள்ளியும் வருகிறது. டி4-ஐப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை தவறு என்றே சொல்வேன். 25 நிமிட ஆயுளில் எந்த வைரஸுக்கும் பன்முகத்தன்மையைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

தடயங்கள் சீக்கிரமே கிடைத்துவிட்டன. 1960-களின் தொடக்கத்தில் டி4-இன் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தார்கள். சில மரபணுக்கள் கெட்டால் டிஎன்ஏ நகலெடுப்பே நடக்காது. அவை நகலெடுப்பு மரபணுக்கள் என்று முடிவு கட்டியது சரிதான். ஆனால் 46, 47 என்ற எண்ணுள்ள இரண்டு மரபணுக்கள் கெட்டால் நகலெடுப்பு ஒழுங்காகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. தொடங்கத் தெரிந்தது, தொடரத் தெரியவில்லை. இந்த இரண்டும் கெட்ட ஃபேஜ்களில் மறுசேர்க்கையும் குறைந்தே இருந்தது. புற ஊதாக் கதிர் பட்டால் சீக்கிரம் சாகும் ஃபேஜ் வகைகளும் தனியே கிடைத்தன. அவற்றில் பழுதாகியிருந்த மரபணுக்கள் யுவிஎஸ் என்ற வரிசையில் பெயர் பெற்றன. கதிரால் உடைந்த டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் மரபணுக்கள் என்று அவற்றை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

அதே வாண்டர்பில்ட்டில் பின்னாளில் பணியாற்றிய கிசெலா மோசிக் இவற்றைச் சேர்த்துப் பார்த்தார். ஜெர்மனியில் பிறந்து, ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை டி4 ஒன்றுக்கே கொடுத்தவர். அவரும் ஆண்ட்ரியாஸ் லூடரும் 1982-ல் வெளியிட்ட ஆய்வில் முக்கியமான ஆயுதம் நமக்கு நன்றாகத் தெரிந்த ரிஃபாம்பிசின். காசநோய்க்குக் கொடுப்பார்களே, சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மாத்திரை, அதுதான். அது பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸை முடக்கும். டி4 தன் முதல் நகலெடுப்பைத் தொடங்க அந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் தேவை. அது எழுதித் தரும் ஆர்என்ஏ துண்டுதான் முதல் நுனி. ஆகவே தொடக்கத்திலேயே ரிஃபாம்பிசின் கொடுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் சில நிமிடம் கழித்துக் கொடுத்தால் நகலெடுப்பு அசரவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. மறுசேர்க்கை மரபணு கெட்ட ஃபேஜில் அந்த இரண்டாம் கட்டம் வரவே இல்லை. ஆக டி4-க்கு இரண்டு வாசல்கள். முதல் வாசலை ஆர்என்ஏ திறக்கிறது, அடுத்ததை மறுசேர்க்கை திறக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நேரம் ஆக ஆக டி4 தன் முதல் வாசலைத் தானே பூட்டிவிடுகிறது. ஆர்என்ஏ பாலிமரேஸை மாற்றி வேறு வேலைக்குத் திருப்புகிறது. தாமதமாக உருவாகும் யுவிஎஸ்-டபிள்யூ என்ற புரதம், தொடக்க இடங்களில் ஒட்டியிருக்கும் ஆர்என்ஏவைப் பிரித்து எறிகிறது. பிறகு மறுசேர்க்கை ஒன்றே கதி.

அது எப்படி நகலெடுப்பைத் தொடங்கும் என்பதைப் பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். தறியில் ஒரு பாவு தீரும்போது, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடி முதலிலிருந்து விழுதிலும் அச்சிலும் கோப்பதில்லை. தறியில் மிச்சம் நிற்கும் பழைய நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை இழை இழையாகத் திரித்துச் சேர்ப்பார்கள். அச்சு பிணைத்தல் என்ற இந்த வேலைக்கென்றே ஆட்கள் உண்டு. பிணைத்து முடித்ததும் தறி விட்ட இடத்திலிருந்து ஓடும். டி4 தன் எழுதப்படாத நுனியை இப்படித்தான் பயன்படுத்துகிறது. குறையாக நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஒற்றை இழை, இன்னொரு நகலின் நடுவே தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப் புகுந்துகொள்கிறது. புகுந்த கணமே அது பாலிமரேஸ் கேட்ட முன்பே இருக்கும் நுனி ஆகிவிடுகிறது. அங்கிருந்து நகலெடுப்பு கிளம்பும்.

ஒரே கல்லில் இரண்டு சிக்கலும் தீர்ந்தன. நுனி தேயவில்லை. எத்தனை நுனிகள் உண்டோ அத்தனை புதிய தொடக்கங்களும் கிடைத்தன. நகல் கூடக் கூட நுனிகளும் கூடும், தொடக்கங்களும் கூடும்.

இந்தப் பிணைப்பு வேலையில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழையை முதலில் மூடுவது 32-ஆம் மரபணுவின் புரதம். 1970-ல் புரூஸ் ஆல்பர்ட்ஸும் லிண்டா ஃபிரேயும் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து சொன்னார்கள். ஒற்றை இழையில் ஒரு மூலக்கூறு உட்கார்ந்தால் அதை ஒட்டி அடுத்தது, அதை ஒட்டி அடுத்தது என்று வரிசையாக வந்து அமரும். இழை தன்மேலேயே சுருண்டு முடிச்சு போட்டுக்கொள்ளாமல் இவை பார்த்துக்கொள்ளும். நுனி போதிய நீளம் இல்லாவிட்டால், அல்லது இழை நடுவில் உடைந்திருந்தால், எதிர்ப்பக்க இழையைக் கொறித்து நுனியை வெளிக்கொண்டு வருவது 46, 47 புரதங்களின் கூட்டணி. இவை கெட்டால் நகலெடுப்பு ஏன் பாதியில் நின்றது என்பது இப்போது விளங்கும்.

அடுத்து வர வேண்டியவர் யுவிஎஸ்-எக்ஸ். இணை தேடும் வேலை அதனுடையது. சிக்கல் என்னவென்றால் 32 இருக்கையை விட்டு எழாது. காலி இழை கிடைக்காமல் யுவிஎஸ்-எக்ஸ் உட்கார முடியாது. இடையில் நின்று பஞ்சாயத்து பண்ணுவது யுவிஎஸ்-ஒய் என்ற சின்னப் புரதம். 32-இன் பிடியைத் தளர்த்தி, யுவிஎஸ்-எக்ஸ் அமர இடம் பண்ணிக் கொடுக்கும். யுவிஎஸ்-எக்ஸ் மூலக்கூறுகள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு இழையைச் சுற்றிச் சுருளாக அடுக்கப்படும். அந்தச் சுருள் மற்ற நகல்களின் இரட்டை இழையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எழுத்து பொருந்தும் இடம் வந்ததும் அங்கே இரட்டையைத் திறந்து தன் இழையை நுழைத்துவிடும். பிறகு 59-ஆம் மரபணுவின் புரதம் வந்து, இழைகளைப் பிரித்துக்கொண்டு போகும் 41-ஆம் மரபணுவின் புரதத்தை அந்த இடத்தில் உட்கார்த்தும். பாலிமரேஸான 43 ஓடத் தொடங்கும். மறுசேர்க்கையால் தொடங்கும் டிஎன்ஏ எழுத்தை, சுத்தப்படுத்திய டி4 புரதங்களை மட்டும் வைத்துச் சோதனைக் குழாயிலேயே ஓடவைத்து டிம் ஃபார்மோசாவும் ஆல்பர்ட்ஸும் 1986-ல் காட்டினார்கள். அதன் பிறகு மோசிக் சொன்னதை யாரும் ஊகம் என்று தள்ள முடியவில்லை.

ஒற்றை ஃபேஜ் மட்டும் புகுந்தால் நுனி எங்கே போய்ச் சேரும்? இதற்கும் டி4-இடம் வழியுண்டு. அதன் டிஎன்ஏவின் தலையில் இருக்கும் சில ஆயிரம் எழுத்துகள் வாலிலும் அப்படியே திரும்ப வரும். ஜார்ஜ் ஸ்ட்ரெய்சிங்கர் குழு 1964-ல் இதை ஊகித்தது. டிஎன்ஏ நேராக இருக்கிறது, மரபணு வரைபடமோ வட்டமாக வருகிறது, ஏன் என்று கேட்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு நகலின் வால் நுனி இன்னொரு நகலின் தலையில் புகலாம். இப்படிப் புகுந்து புகுந்து கடைசியில் பாக்டீரியாவுக்குள் கிளை கிளையாகப் பின்னிக்கிடக்கும் ஒரே பெரிய டிஎன்ஏ சிக்கல் உருவாகிவிடுகிறது. 49-ஆம் மரபணுவின் நொதி கிளைகளை வெட்டிச் சீராக்கும். 17-ஆம் மரபணுவின் இயந்திரம் ஒரு வெட்டு நுனியைப் பிடித்து, காலித் தலைக்குள் திணித்து, தலை நிறைந்ததும் வெட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற வேணிகள்ள ராவ் இந்த இயந்திரத்தை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். விநாடிக்கு 2,000 எழுத்து இணைகள் வரை அது திணிக்கக்கூடியது. தலை கொள்ளும் அளவு ஒரு முழு மரபுத் தொகுதியைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் தலையில் உள்ளது வாலில் திரும்ப வருகிறது. ஒவ்வொரு ஃபேஜுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் விழுவதால், ஒன்றின் நுனி இன்னொன்றின் நடுப்பகுதியாக இருக்கும். பன்முகத்தன்மை இங்கே உபரியாகக் கிடைத்த லாபம். முதல் வேலை பிழைப்பு.

நுனி என்பது ஆபத்தும்கூட. பாக்டீரியாவிடம் டிஎன்ஏ நுனியைக் கண்டதும் தின்னத் தொடங்கும் ரெக்பிசிடி என்ற நொதி காவல் நிற்கிறது. டி4-இன் 2-ஆம் மரபணுப் புரதம் நுனியைப் போர்த்திக்கொண்டே உள்ளே வருகிறது. அந்நிய டிஎன்ஏவை நடுவில் வெட்டும் நொதிகளிடமிருந்து தப்ப, டி4 தன் எழுத்துகளில் குளுக்கோஸ் ஏற்றி வைத்திருக்கும். ஆனால் நகலெடுத்த கையோடு குளுக்கோஸ் ஏறுவதில்லை. அந்த இடைவெளியில் புது இழையைக் காப்பாற்றுவது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம்மவர். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபுப் பொறியியல் ஆய்வை வளர்த்த கே. தர்மலிங்கம், அமெரிக்காவில் எட்வர்ட் கோல்ட்பெர்க்கோடு சேர்ந்து 1976-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, டி4 தன் குட்டிகளின் டிஎன்ஏவைக் காக்கத் தானே ஒரு புரதத்தை உருவாக்குகிறது என்று காட்டியது. 1982-ல் அந்த மரபணுவின் இடத்தையும் கண்டார்கள். டி4 என்றாலே நம் மாணவர்கள் வெளிநாட்டுப் பெயர்களை மட்டும் ஒப்பிக்கிறார்கள். மதுரைக்காரர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லா ஃபேஜும் டி4-ஐப் போல் இவ்வளவு ஆள் அம்போடு வருவதில்லை. லாம்டா என்ற ஃபேஜ் மூன்றே புரதங்களில் காரியத்தை முடிக்கிறது. எக்ஸோ ஒரு பக்க இழையைக் கொறிக்கும். காம், ரெக்பிசிடியின் வாயைக் கட்டும். பீட்டா, ஒற்றை இழையைப் பிடித்துப் பொருந்தும் இன்னோர் ஒற்றை இழையோடு ஒட்டும். இந்தப் பீட்டாவின் ஒட்டும் திறனை 1986-ல் சார்லஸ் ராடிங்கோடு சேர்ந்து விரிவாக ஆராய்ந்தவர் கே. முனியப்பா. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மறுசேர்க்கைப் புரதங்களையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர். யுவிஎஸ்-எக்ஸ் எழுத்துப் பொருத்தத்தில் கறாரானது. பீட்டா வகைப் புரதங்கள் அவ்வளவு கறார் காட்டுவதில்லை. முழுக்கப் பொருந்தாத இழைகளையும் சேர்த்து வைத்துவிடும். லாம்டா வகை ஃபேஜ்கள், பாக்டீரியாவின் மரபுத் தொகுதிக்குள் ஒளிந்துகிடக்கும் சொந்தக்கார ஃபேஜ்களிடமிருந்து துண்டு துண்டாக மரபணுக்களை வாங்கி, ஒட்டுப் போட்ட உருவமாகத் திரிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இது வெறும் தத்துவம் இல்லை. கோழிப் பண்ணைக்கு ஃபேஜ் மருந்து தேடுகிறவர் பிளேக்கின் அழகைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. பாக்டீரியாவுக்குள் ஒளிந்து வாழத் தெரிந்த ஃபேஜ், நச்சு உருவாக்கும் மரபணுவைச் சுமந்து திரியலாம். மனிதருக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலை வகைகளின் ஷிகா நச்சு அப்படி ஃபேஜ் கொண்டுவந்ததுதான். மரபுத் தொகுதியை வரிசைப்படுத்தி, ஒளிந்து தங்குவதற்கான மரபணுக்கள் உண்டா என்று முதலில் பார்ப்பார்கள். மறுசேர்க்கைப் புரதம் எந்தக் குடும்பம் என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

டி4-இன் இந்தக் கூட்டத்துக்கு நம் உடலிலும் உறவினர்கள் உண்டு. யுவிஎஸ்-எக்ஸின் உறவு நம் செல்களில் ராட்51. 46, 47-இன் உறவுகள் ராட்50, எம்ஆர்இ11. யுவிஎஸ்-ஒய் செய்யும் பஞ்சாயத்தை நம்மிடம் செய்வது பிஆர்சிஏ2. பரம்பரை மார்பகப் புற்றுநோய் பற்றிய செய்திகளில் அடிபடும் அதே பெயர்தான். டெலோமெரேஸ் இல்லாமலே குரோமோசோம் நுனிகளை நீட்டிக்கொள்ளும் புற்றுநோய்களும் உண்டு. புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் இப்படிப்பட்டவை என்கிறார்கள். அவை செய்வதும் மறுசேர்க்கையால் நுனியை இன்னொரு நுனியில் புகுத்தி நகலெடுப்பதே.

ஃபேஜிடமிருந்து நேராகக் கடன் வாங்கிய கருவி ஒன்றும் இருக்கிறது. பிசிஆர் சோதனையில் டிஎன்ஏ இரட்டையைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடேற்றி, குளிரவைத்து, மறுபடி சூடேற்ற வேண்டும். அதற்கு இயந்திரமும் கரண்டும் வேண்டும். 2006-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு குழு, சூட்டுக்குப் பதில் யுவிஎஸ்-எக்ஸ், யுவிஎஸ்-ஒய், 32 மூன்றையும் போட்டது. யுவிஎஸ்-எக்ஸ் தொடக்கத் துண்டைச் சுமந்துபோய் இரட்டையைத் திறந்து புகுத்தும். பிரிந்து நிற்கும் இழையை 32 பிடித்துக்கொள்ளும். பாலிமரேஸ் நீட்டும். 37 முதல் 42 டிகிரிக்குள், இருபது நிமிடம் போல, விடை வந்துவிடும். ஆர்பிஏ என்று அழைக்கப்படும் இந்த முறையில் கோழி நோய்க் கிருமிகளுக்கான சோதனைகளும் உலகின் பல ஆய்வகங்களில் வடிவமைக்கப்பட்டுள்ளன. புரதங்களை உலர்த்திக் குழாயிலேயே அடைத்து விற்கிறார்கள்.

இதைக் கையாள்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாவற்றையும் கலந்த பிறகும் மெக்னீசியம் சேரும்வரை ஒன்றும் நடக்காது. சேர்ந்துவிட்டாலோ, அறைச் சூட்டிலேயே மெல்ல வேலை தொடங்கிவிடும். அதனால் மெக்னீசியம் அசிடேட்டை ஒவ்வொரு குழாயின் மூடியிலும் ஒரு சொட்டாக வைத்து மூடி, வரிசையில் உள்ள எட்டுக் குழாயையும் ஒரே நேரத்தில் தட்டி இறக்குவார்கள். 38 டிகிரி தாண்டும் சேலத்து மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், மூடியில் வைக்காமல் நேரே சொட்டு விடுகிறவர் முதல் குழாயில் விட்டுவிட்டு எட்டாவதுக்குப் போவதற்குள், முதலாவது ஓடத் தொடங்கியிருக்கும்.